மலையகத்தின் வாக்குரிமையும் சௌமியமூர்த்தி தொண்டமானும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே நெடுங்காலமாக வாழ்ந்துவரும் குடும்பங்கள் பலவற்றில் பழைய தகரப்பெட்டி ஒன்றைக் காணலாம். திருநாளுக்கு உடுத்தும் சேலை, காதணி, அடகுச் சீட்டு முதலியவற்றோடு, பழுப்பேறிய கடதாசிகள் சிலவும் அதனுள்ளே பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருக்கும். பிறப்புச் சாட்சிப் பத்திரம், பிரசாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, சத்தியக் கடதாசி என்பன அவை. வேறு ஊரில் இத்தகைய கடதாசிகள் தொலைந்தால் மீண்டும் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்வார்கள். தோட்டத்திலோ, ஒரு கடதாசி இருந்ததனால் ஒரு குடும்பம் இந்நாட்டிலே தங்கிற்று. அஃது இல்லாமையால் மற்றொரு குடும்பம் தலைமன்னாரிலே கப்பலேறிற்று.

அக்கடதாசிகளின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால், சௌமியமூர்த்தி தொண்டமான் அவர்களின் அரசியல் வாழ்வைச் சொல்லாது முடியாது. 1947ஆம் ஆண்டு முதல் 1999ஆம் ஆண்டு வரை, இடையிடையே அறுபட்டபோதிலும், பாராளுமன்றத்தோடு தொடர்புற்றிருந்தவர் அவர். அவ்வாழ்விலே அறிஞர்களும் தொழிலாளரும் இன்றும் விவாதிக்கும் வினா ஒன்றுண்டு. 1948ஆம், 1949ஆம் ஆண்டுகளிலே தோட்டத் தமிழரின் பிரசாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த சட்டங்களை இயற்றியது ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கம். அதே கட்சியின் அமைச்சரவையிலே 1978ஆம் ஆண்டில் தொண்டமான் அமைச்சராக அமர்ந்தார். இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இதனால் மலையகத்தார் பெற்றது யாது? கொடுத்த விலை யாது? இவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

ஒரு பிரதேசத்து மக்களின் பிரதிநிதிகள் தம் தனித்தன்மையை இழவாது, தேசம் முழுவதையும் ஆளும் பெரிய பழைமைவாதக் கட்சியோடு இணைந்து நிற்பது உலக அரசியலிலே புதுமையன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைத் திறந்த துரைமார்களிற் பலருக்குத் தாயகமாகிய ஸ்கொட்லாந்திலும் அவ்வழக்கம் இருந்தது. அங்கே 1912 முதல் 1965 வரை பழைமைவாதிகள் யூனியனிஸ்ட் கட்சி என்ற பெயரிலே, தமக்கெனத் தனி அமைப்போடு இயங்கினர். லண்டன் பாராளுமன்றத்திலே இங்கிலாந்தின் கன்சர்வேட்டிவ் கட்சியினரோடு ஒன்றாக அமர்ந்தனர். 1963ஆம் ஆண்டிலே பிரதம மந்திரியான அலெக் டக்ளஸ்-ஹியூம் அவ்வாறு ஸ்கொட்லாந்துத் தொகுதியொன்றிலிருந்து வந்தவரே. ஆயினும் பெரியதொரு வேறுபாடு உண்டு. ஸ்கொட்லாந்தின் தலைவர்களிடம் வாக்காளர் இருந்தனர். தொண்டமானிடம் மக்கள் இருந்தனர். அவர்களுட் பெரும்பாலோரிடம் வாக்கு இருக்கவில்லை. வாக்கில்லாத மக்களை வைத்துக்கொண்டு வாக்கினால் நடக்கும் ஆட்சியோடு பேரம் பேச வேண்டிய நிலைமையே அவருடைய அரசியலை உருவாக்கியது.

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆம் தேதி, அக்கால இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த முனப்புதூரிலே பிறந்தார். அவருடைய தந்தையார் கருப்பையா இலங்கைக்குத் தொழிலாளியாக வந்து, பெரிய கங்காணியாக உயர்ந்து, பின்னர் றம்பொடையிலுள்ள வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். மகன் சிறுவயதிலே தந்தையிடம் வந்து சேர்ந்து, கம்பளையில் புனித அந்திரேயர் கல்லூரியிலே பயின்றார். எனவே, பிற்காலத்திலே தொழிலாளர் தலைவரான இவர் தோட்டச் சொந்தக்காரரின் பிள்ளை. தாமும் தோட்டச் சொந்தக்காரர். இம்முரண்பாட்டை அவருடைய எதிரிகள் ஓயாது சுட்டிக்காட்டினர். அவரோ, முதலாளி எங்கே விட்டுக்கொடுப்பான், எங்கே விட்டுக்கொடான் என்பதை உள்ளிருந்தே அறிந்தவராயினார். பொதுவுடைமைக் கொள்கையிலே அவர் என்றும் பற்றுக் கொண்டதில்லை. தோட்டம் நடைபெற வேண்டும், அதில் உழைப்பவனுக்குரிய பங்கு கிடைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்காக இருந்தது.

1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது, பிளவுபட்டுக் கிடந்த இந்திய வம்சாவளியினரின் சங்கங்கள் ஒன்றுபட்டு இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றிற்று. கம்பளைக் கிளையிலே தொண்டமானின் பொதுவாழ்வு தொடங்கியது. மறு ஆண்டிலே, ஜனவரி மாதத்தில், முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். தோட்டந்தோறும் சங்கம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1945ஆம் ஆண்டிலே தொண்டமான் காங்கிரஸின் தலைவரானார். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து அவரும், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையும், நாவலப்பிட்டியிலிருந்து கே. இராஜலிங்கமும், வேறு சில தோழர்களும் பாராளுமன்றம் சென்றனர். அன்றியும், வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி அபேட்சகர்களுக்குத் துணைபுரிந்தது.

அந்த வெற்றியே இடையூறுக்கும் வித்தாயிற்று. 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். இவர்களுடைய வாக்கினாலே கண்டிச் சிங்களவரின் பிரதிநிதித்துவம் மூழ்கிவிடுமென்ற அச்சம் ஒருபுறம். இடதுசாரிகள் வலுப்பெறுவர் என்ற அச்சம் மறுபுறம். இவற்றின் விளைவாக டி. எஸ். சேனநாயக்காவின் அரசாங்கம் மூன்று சட்டங்களை அடுத்தடுத்து இயற்றியது.

முதலாவது, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். இதன்படி, இலங்கையிலே பிறந்திருந்தால் மாத்திரம் போதாது. தந்தையும் இலங்கையிலே பிறந்தவராயிருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தோராயிருத்தல் வேண்டும். லயன் காம்பராவிலே பிறந்து, அங்கேயே மாண்டுபோன பாட்டனின் பிறப்பைப் பதிந்து வைத்தவர் யார்? இரண்டாவது, 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். இதன்கீழ் விண்ணப்பிப்போர், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னர், விவாகமானவராயின் 7 ஆண்டுகளும், விவாகமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இங்கே வசித்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது, அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரசைகளுக்கே வாக்கு என்று அது விதித்தது. முன்னைய இரு சட்டங்களும் கதவைச் சாத்தின. மூன்றாவது தாழ்ப்பாளை இட்டது.

முதலிலே விண்ணப்பங்களைப் பகிஷ்கரித்த காங்கிரஸ், பின்னர் மனம் மாறித் தோட்டந்தோறும் விண்ணப்பங்களை நிரப்பச் செய்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பிலே விண்ணப்பங்கள் போயின. அவர்களுள் ஆறில் ஒரு பங்கினரளவிலேயே பிரசாவுரிமை பெற்றனர். ஒப்பங்கள் ஒவ்வாமை, இடையிலே ஒருமுறை இந்தியாவுக்குச் சென்று வந்தமை, பெயரில் ஓரெழுத்து மாறியமை போன்ற காரணங்களாலே பல விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. 1952ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் கொழும்பிலே காங்கிரஸ் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. மாதக்கணக்கிலே அது நடந்தபோதிலும் சட்டம் மாறவில்லை. அவ்வாண்டுத் தேர்தலிலே, ஐந்தாண்டுகளுக்கு முன் மலைநாட்டுத் தமிழர் அமர்ந்திருந்த ஆசனங்களில் ஒன்றிலேனும் அவர்களுட் எவரும் அமரவில்லை.

இந்த இடத்திலே மற்றொரு தலைவராயின் அரசியலை விட்டே போயிருப்பார். தொண்டமான் தொழிற்சங்கத்தைப் பற்றிக்கொண்டார். வாக்கை எடுத்துவிடலாம், கொழுந்தைக் கிள்ளும் கையை எடுத்துவிட இயலாது. நாட்டின் அந்நியச் செலாவணியிற் பெரும்பகுதி அக்கைகளினாலேயே வந்தது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்ற பெயரோடு சங்கம் தோட்டக் கமிட்டிகளாகவும் மாவட்டக் காரியாலயங்களாகவும் வேரூன்றிற்று. 1950களின் நடுவிலே அப்துல் அஸீஸ் பிரிந்து சென்று ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தபோதிலும், பெரும்பான்மையான அங்கத்தினர் தொண்டமானோடு நின்றனர். பாராளுமன்றத்திலே ஆசனமில்லாத அவருக்கு மாதந்தோறும் சந்தா செலுத்தும் தொழிலாளரே தொகுதியாயினர்.

சங்கத்தின் பலத்தை உணர்ந்த ஆட்சியாளர் அவரை நாடினர். 1960ஆம் ஆண்டிலே ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் அவரை நியமன அங்கத்தினராக்கியது. எனினும், 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டபோது அவ்வுறவு கசந்தது. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேருள் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று இரு நாடுகளும் பங்கிட்டுக்கொண்டன. 1974ஆம் ஆண்டிலே அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். சம்பந்தப்பட்ட மக்களைக் கேளாது செய்யப்பட்ட பங்கீடு இஃது என்று தொண்டமான் கண்டித்தார்.

1965ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவர் ஐக்கிய தேசியக் கட்சியை ஆதரித்தார். உரிமையைப் பறித்த டி. எஸ். சேனநாயக்காவின் மகன் டட்லி சேனநாயக்காவே அப்பொழுது அக்கட்சியின் தலைவர். பலருக்கு இது வியப்பைத் தந்தது. ஆயினும், ஒப்பந்தத்தின்கீழ் பிரசாவுரிமை பெறுவோரைத் தனி வாக்காளர் இடாப்பிலே ஒதுக்கி வைக்க முன்னைய அரசாங்கம் எண்ணியிருந்த திட்டம் புதிய ஆட்சியிலே கைவிடப்பட்டது. பகைமையை மறந்தாரென்று இதனைக் கொள்ளலாகாது. யாரிடம் எதனைப் பெறலாம் என்று அவர் கணக்கிட்டாரென்றே கொள்ளல் வேண்டும்.

1970ஆம் ஆண்டு ஐக்கிய முன்னணி ஆட்சி வந்தது. தொண்டமானுக்கு நியமன ஆசனம் இல்லை. தொடர்ந்து வந்த ஏழாண்டுகளும் மலையகத்துக்குக் கொடிய காலமாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பெரிதும் வாட்டியது. பசியால் இறந்தோர் பலர். 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாலே தோட்டங்கள் அரசுடைமையாயின. சில பகுதிகளிலே தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தெருவிலே நின்றனர். 1977ஆம் ஆண்டு மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியிலே, டெவன் தோட்டத்துத் தொழிலாளி சிவனு லட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வாண்டுகளிலேயே தொண்டமான் வடகிழக்குத் தமிழர் தலைவர்களோடும் சேர்ந்து நின்றார். 1972ஆம் ஆண்டு அமைந்த தமிழர் கூட்டணியிலே செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோருக்குச் சமமாக அவரும் தலைமை வகித்தார். ஆனால் 1976ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையிலே தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியபோது, அதனை ஏற்க அவர் உடன்படவில்லை. காரணம் வெளிப்படை. ஹட்டனும் நுவரெலியாவும் சிங்கள மக்கள் சூழ வாழும் நிலத்தின் நடுவே உள்ளவை. மலையகத்தார் எங்கே பிரிந்து போவர்? அயலவரோடு வாழ்ந்தே உரிமை பெற வேண்டியவர்கள் அவர்கள்.

1977ஆம் ஆண்டு ஜூலை மாதத் தேர்தலிலே நுவரெலியா – மஸ்கெலியா மூன்று அங்கத்தினரைத் தெரியும் தொகுதியாக அமைந்தது. இத்தகைய தொகுதியிலே ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். விரும்பினால் மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். சிறுபான்மையினர் சிதறாது நின்றால் ஓர் ஆசனத்தைக் கைப்பற்ற இம்முறை இடமளித்தது. சேவற் சின்னத்திலே நின்ற தொண்டமானுக்குப் பிரசாவுரிமை பெற்றிருந்த தொழிலாளர் தம் வாக்குகளை ஒருங்கே அளித்தனர். காமினி திசாநாயக்கா முதலாமவராகவும், அனுரா பண்டாரநாயக்கா இரண்டாமவராகவும், தொண்டமான் மூன்றாமவராகவும் தெரிவாயினர். முப்பது ஆண்டுகளின் பின்னர் தோட்டத் தொழிலாளர் தம் வாக்கினால் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர்.

அத்தேர்தலிலே 168 ஆசனங்களுள் 140ஐ ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. தனி ஒருவரின் ஆதரவு ஜே. ஆர். ஜயவர்த்தனாவுக்குத் தேவைப்பட்டதன்று. எனினும், வேலைநிறுத்தமற்ற தோட்டங்களும், இனிவரும் தேர்தல்களிலே பெருகவிருக்கும் மலையக வாக்குகளும் அவருக்கு வேண்டியிருந்தன. 1948ஆம் ஆண்டு அமைச்சரவையிலே நிதி மந்திரியாக இருந்தவரும் அதே ஜயவர்த்தனாவே. 1978ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொண்டமான் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சரானார். அம்மாதம் நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரசை, பதிவுப் பிரசை என்ற பேதத்தை நீக்கியது. நாடற்றோருக்கும் பத்தாண்டுக் காலத்துக்குப் பேச்சு, கூட்டம் முதலிய அடிப்படைச் சுதந்திரங்களை அளித்தது.

அமைச்சர் பதவி ஏற்றமை கடுங் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. 1981ஆம், 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களிலே மலையகத் தமிழரும் தாக்கப்பட்டனர். கடைகளும் லயன்களும் எரிந்தன. தம் மக்கள் அகதிகளாக நிற்கும்போது அவர் அமைச்சரவையில் இருப்பது தகுமோ என்று கேட்டவர் பலர். அவ்வினா நியாயமற்றதன்று. தொண்டமான் விலகவில்லை. வெளியேறினால் கதவு மீண்டும் சாத்தப்படும் என்பதே அவருடைய கணிப்பு.

ஆனால் அமைச்சராயிருந்தும் வேலைநிறுத்தம் என்னும் ஆயுதத்தை அவர் கீழே வைக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1984ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே, தாம் அங்கம் வகித்த அரசாங்கம் நடத்திய தோட்டங்களிலேயே வேலைநிறுத்தத்தை அவர் நடத்தினார். அதன் விளைவாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் கிடைத்தது. அதுவரை ஒரே மலையிலே, ஒரே மழையிலே நனைந்து உழைத்த பெண்ணுக்குக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டு வந்தது. 1986ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் தொடங்கிற்று. தொழிலாளர் முற்பகலில் வேலைக்குச் செல்லாது கோயிலிலே கூடி வழிபட்டனர். வழிபாட்டைச் சட்டவிரோதமெனக் கூற எவராலும் இயலவில்லை. கொழுந்தோ செடியிலேயே முற்றியது. சில நாட்களுள் அரசாங்கம் இணங்கி வந்தது. 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தினால் எஞ்சியிருந்த ஏறக்குறைய 94,000 பேருக்குப் பிரசாவுரிமை வழங்க வழி பிறந்தது.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் இதனை மேலும் இலகுவாக்கியது. இந்தியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பியாத இந்திய வம்சாவளியினர், சத்தியக் கடதாசி ஒன்றைக் காட்டித் தம் உரிமையை நிலைநாட்டலாமென அது விதித்தது. பாட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்ட நாடு, நாற்பது ஆண்டுகளின் பின்னர் பேரனின் சத்தியத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலே நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ஆர். பிரேமதாசா நூற்றுக்கு 50ஐச் சற்றே தாண்டிய வாக்குகளினாலே வென்றார். காங்கிரஸ் அவரை ஆதரித்திருந்தது. முன்பு எண்ணிக்கையிலே சேராதிருந்த மலையக வாக்கு, நாட்டின் தலைவரைத் தீர்மானிக்கும் வாக்குகளுள் ஒன்றாயிற்று.

1994ஆம் ஆண்டிலே ஐக்கிய தேசியக் கட்சியின் பட்டியலினூடாகப் பாராளுமன்றம் வந்த தொண்டமான், ஆட்சி மாறியதும் சந்திரிகா குமாரதுங்காவின் அரசாங்கத்திலே அமைச்சரானார். கட்சியிலே அவருக்குப் பற்று நிலைக்கவில்லை என்பர் சிலர். அவருடைய பற்று என்றும் கட்சியிலே இருந்ததில்லை என்பதே பொருத்தம். அமைச்சராக இருக்கையிலேயே 1999ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் தேதி அவர் காலமானார். ஸ்ரீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான அதே தேதி அது. எஞ்சியோரின் நிலையும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் தீர்ந்தது.

அவருடைய வழியினால் விளைந்த குறைகளையும் மறைத்தலாகாது. எல்லாப் பேச்சும் ஒரு தலைவரினூடாகவே நடந்தமையால், தோட்டத்து மனிதன் தானே பேசப் பழகவில்லை. தலைமை குடும்பத்தின் உரிமையாயிற்று என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. சம்பளம் ஒவ்வொரு தடவையும் போராடியே பெற வேண்டியதாக இருந்தது. வாக்குரிமை வந்த பின்னரும் லயன் காம்பராக்கள் நிலைத்தன. வீடும் காணியும் சொந்தமாதல் பெருங் கோரிக்கையாகவே தொடர்ந்தது. சட்டத்திலே பிரசையானவன் வாழ்க்கையிலே முழுப்பிரசையாவதற்கு நெடுவழி உண்டு.

இவ்வளவும் கூறிய பின்னரும் ஓர் உண்மை எஞ்சுகிறது. பறித்தவரின் வாசலிலே சென்று நின்றமை தொண்டமானுக்கு இழிவாயின், பறிக்கப்பட்டதைத் திரும்பப் பெறாமல் விலகி நின்றிருந்தால் அவ்விழிவு அவர் மக்களுடையதாயிருக்கும். இரண்டிலொன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருந்த மனிதர், தம் பெயரின் மீது விழும் பழியைத் தெரிந்தெடுத்தார். இன்று தேர்தல் நாளிலே ஹட்டன் நகரத்துப் பாடசாலை வாசலிலே, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து வரிசையிலே நிற்கும் பெண், தன் அடையாள அட்டையை நீட்டி வாக்களித்துச் செல்கிறாள். அவளிடம் பாட்டனின் பிறப்பைப் பற்றி எவரும் வினவுவதில்லை.